மார்கழிச் சுற்றின் வால்

கோவைப்புதூர் மேட்டைச் சென்னியப்பன் மறுபடியும் அழித்தார். ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டு வரைபடத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கோடு போய்விட்டது, கோடு போன தடம் போகவில்லை. பென்சிலை அழுத்திப் பிடிப்பது அவருடைய பழைய கோளாறு. பம்ப் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி சொல்லியிருக்கிறார், தாளில் வரையப்பா, மேஜையில் வரையாதே என்று. இப்போது கம்பெனியில் எல்லாம் கம்ப்யூட்டர். அங்கே அழித்தால் சுத்தமாக அழிந்துவிடுகிறது, அதனாலேயே அவருக்கு அதன்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் பென்சில்தான், காகிதம்தான். வரும் ஞாயிறு மார்கழிச் சுற்று. இன்று பொழுது சாய்வதற்குள் பாதையை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது பேர் சைக்கிளில் கோயம்புத்தூரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். குனியமுத்தூரில் ஒரு பேக்கரி வாசலில் இருட்டோடு கிளம்பி, பேரூர், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, சிங்காநல்லூர், போத்தனூர் என்று போய், மறுபடி அதே பேக்கரிக்கு வந்து தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டுக் கலைவார்கள். கோயம்புத்தூர் வட்டமான ஊர் இல்லை, வரைபடத்தில் அது யாரோ மிதித்துவிட்டுப் போன பூசணிக்காய் மாதிரி இருக்கும், ஆனாலும் சுற்று என்றால் சுற்றுதான். முன்னால் போகிறவருக்குத் தலை என்று பெயர், அது வருடத்துக்கு ஒருவர் மாறும். கடைசியில் வருகிறவர் வால். காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் வாலிடம் இருக்கும். வால் யாரையும் முந்தக் கூடாது. இந்த விதியை எழுதியவர் சென்னியப்பன், வாலும் அவரேதான், முதல் வருடத்திலிருந்து. எதற்காக இந்த விதி என்று யாரும் கேட்டதில்லை. காரணம் வெளிப்படையாகத் தெரிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூங்கோதைதான் எல்லாரையும்விட மெதுவாக ஓட்டுவாள் என்பது உண்மையான காரணம். காரணம் என்று அவர் இதுவரை தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை, விதி என்றுதான் சொல்லிக்கொள்வார், விதி என்று சொன்னால் யாரோ மேலே இருக்கிற ஆள் போட்ட மாதிரி ஒரு நிம்மதி. பூங்கோதை ஒரு நூல் ஏஜென்சியில் கணக்குப் பார்க்கிறாள். கணவர் தவறிப்போய்ப் பல வருடமாகிறது, மகள் பெங்களூரில். ஆறு மார்கழியாகச் சுற்றுக்கு வருகிறாள், ஆறு மார்கழியும் வாலுக்கு முந்தின ஆள். ஆகவே ஆறு வருடமாகச் சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருப்பது அவளுடைய முதுகு. மற்றவர்கள் ஒரு பெண்ணை நினைத்தால் கண் என்பார்கள், சிரிப்பு என்பார்கள். அவருக்குக் கண்ணை மூடினால் ஒரு மெரூன் ஸ்வெட்டர், வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது, மேட்டில் மிதிக்கும்போது இன்னும் தாழும், குரங்குக் குல்லாவின் விளிம்பிலிருந்து தப்பித்து வெளியே வந்த நரையும் கறுப்புமான ஒரு முடிக்கற்றை. குரங்குக் குல்லா போடும் அளவுக்கு அங்கே குளிர் இருக்கிறதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இருக்காது. இமயமலைப் பக்கத்து ஆள் கோயம்புத்தூர் மார்கழியில் சட்டையைக் கழற்றி விசிறிக்கொள்வான். ஆனால் குளிர் என்பது தெர்மாமீட்டரில் இருப்பது இல்லை, எதிர்பார்ப்பில் இருப்பது. பதினோரு மாதம் வெந்த ஊருக்கு விடிகாலையில் தோளில் ஒரு சிலிர்ப்பு வந்தால் அது பெட்டியைத் திறந்து குல்லாவை எடுக்கப் போதுமான காரணம். அந்தச் சிலிர்ப்பில் பூங்கோதை பேசிக்கொண்டே ஓட்டுவாள். திரும்பாமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, பின்னால் இருப்பவரிடம். மார்கழியில் காற்று கிழக்கே இருந்து வரும் என்பது புவியியல் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான், ஆனால் அதனால் என்ன ஆகும் என்பது புத்தகத்தில் இல்லை: மேற்கே பார்த்து ஓட்டினால் அவள் பேச்சைக் காற்று முன்னால் கொண்டுபோய்விடும், கிழக்கே பார்த்து ஓட்டினால் அப்படியே அள்ளி அவர் காதில் கொண்டுவந்து போடும். துடியலூரிலிருந்து சரவணம்பட்டி வரைக்கும் கிழக்கு முகம், எதிர்க்காற்று, எல்லாரும் திட்டிக்கொண்டே மிதிப்பார்கள். அங்கேதான் அவர் அவள் சொல்வதில் முழு வாக்கியங்களைக் கேட்டிருக்கிறார். மகளுக்குப் பூண்டு ஊறுகாய் பிடிக்காது. நூல் விலை இறங்கினால் முதலாளி சத்தமாகச் சாமி கும்பிடுவார். இராத்திரியில் ரேடியோவை அணைக்காமல் தூங்குவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அணைத்தால் முழிப்பு வந்துவிடுகிறது. மற்ற இடங்களில் பாதிப் பாதியாக வந்த பேச்சை அவர் வருடம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பார். இப்படி வலமாகச் சுற்றுவானேன், இடமாகச் சுற்றினால் அந்த எதிர்க்காற்று இருக்காதே என்று கிருபாகரன் ஒருமுறை கேட்டான்; அவன்தான் குழுவை நடத்துகிறவன், சைக்கிள் கடைக்காரன், முப்பது வயதுக்காரன். ஊரை இடமாகச் சுற்றலாமா தம்பி, பேரூரில் சாமி இருக்கிறார் இல்லையா என்று இவர் சொன்னார். கிருபாகரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாமி பெயரில் சொன்ன பொய் என்று சென்னியப்பனுக்கு இரண்டு நாள் உறுத்தியது, மூன்றாம் நாள் சாமிக்கும் காற்றின் திசை தெரிந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் நடந்திருக்கிறார். பென்சில் தானாக அழித்த இடத்துக்குப் போய் நின்றது. முதல் வருடம் பாதையில் கோவைப்புதூர் மேடு இருந்தது. கிளம்பி உடம்பு சூடாவதற்குள் வந்துவிடும் மேடு. இளைஞர்கள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள், பூங்கோதை பாதியில் இறங்கினாள். இறங்கி, யாருக்கும் தெரியக் கூடாது என்பது போல வண்டியைத் தள்ளினாள். வாலும் இறங்கித்தானே ஆக வேண்டும். இறங்கினார். ஓட்டும்போது முன்னும் பின்னும் என்று இருப்பவர்கள் தள்ளும்போது பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள், இதை எந்த விதியும் தடுக்கவில்லை, நடுவில் இரண்டு சைக்கிள், இரண்டு சைக்கிளுக்கும் நடுவில் ஒரு முழம். இருட்டு. தெருவிளக்குக்குத் தெருவிளக்கு அவள் முகம் வந்து வந்து போயிற்று, அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார், அதுதான், பார்க்காமல் விட்டுவிட்டார், ரோட்டோரத்தில் ஏதோ வீட்டு வாசலில் கோலத்தில் வைத்த பூசணிப் பூவைப் பார்த்துக்கொண்டு நடந்தார், இப்போது அந்தப் பூசணிப் பூவின் ஒவ்வொரு இதழும் ஞாபகம் இருக்கிறது, அவள் முகம் இல்லை. என்ன பேசினார்கள்? செயினுக்கு எண்ணெய் போடுவது பற்றி. தேங்காய் எண்ணெய் போடலாமா என்று அவள் கேட்டாள், கூடாது, தூசி பிடிக்கும், தையல் மிஷின் எண்ணெய் போடுங்கள் என்று இவர் சொன்னார், அதற்குக் காரணமும் சொன்னார், காரணத்துக்குக் காரணமும் சொன்னார், அதற்குள் மேடு முடிந்துவிட்டது. மேலே போனதும் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முட்டியை. அந்தக் கை, முட்டியின்மேல். அடுத்த வருடம் பாதை போட உட்கார்ந்தபோது அந்தக் கை ஞாபகம் வந்தது, நல்ல மனிதனாக மேட்டை எடுத்துவிட்டு, அடிவாரத்திலேயே சுண்டக்காமுத்தூர் வழியாகத் தட்டையாகக் கொண்டுபோனார். அதற்கடுத்த வருடம் வடவள்ளிப் பக்கத்து ஏற்றத்தையும் எடுத்தார். மேடு இல்லை, ஆகவே இறங்குவது இல்லை, ஆகவே தள்ளுவது இல்லை. ஐந்து வருடமாகத் தான் செய்த உபகாரத்துக்குப் பின்னால் மிதித்துக்கொண்டிருக்கிறார். இந்த மாதிரி ஒரு தவறை டிராஃப்ட்ஸ்மேன்தான் செய்ய முடியும். மற்றவன் ஆசைப்பட்டு வாயால் கெடுத்துக்கொள்வான், இவர் ஆசைப்பட்டு அளவெடுத்துக் கெடுத்துக்கொண்டார்.

"டேய் சென்னி," என்று மாடிப்படியிலிருந்து சரசக்கா. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது, அக்காவுக்கு அறுபது, அந்த டேய்க்கு வயது ஐம்பத்து நான்கு. காப்பி டம்ளரை வரைபடத்தின்மேல் சிங்காநல்லூர் இருக்கிற இடத்தில் வைத்தாள். இவர் எடுத்து வெளியே வைத்தார். "இன்னுமா முடியல? போன வருசத்து ரோட்டையே போட்டா ரோடு கோவிச்சுக்குமா?" என்றாள். "ரோடு நோண்டியிருக்காங்க அங்கங்க," என்றார். அது உண்மைதான், கோயம்புத்தூரில் எந்த வருடமும் எந்தக் கேள்விக்கும் சொல்லக்கூடிய உண்மை. சரசக்கா குனிந்து பார்த்தாள், அழித்த தடத்தை விரலால் தடவினாள். "இங்க என்னத்தப் போட்டுப் போட்டு அழிச்சிருக்கே? காகிதம் ஓட்டை விழுந்துரும்." "மேடு." "வைக்கறதா எடுக்கறதா?" "அதான் தெரியல." "உனக்குப் பொண்ணு பாக்கறப்பவும் இப்பிடித்தான். ராசிபுரத்துப் பொண்ணு போட்டோவ ஒரு மாசம் மேசை மேல வெச்சு வெச்சுப் பாத்தே. அதுக்கு ரெண்டாவது கொழந்தை பொறந்ததுக்கப்புறம் சரின்னே." "ரெண்டாவது இல்லீங்க்கா, மொதல் கொழந்தை," என்றார். அக்கா அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, காப்பி ஆறுது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். காப்பியைக் குடித்தார், ஆறிவிட்டிருந்தது.

மேட்டை வைத்தால் என்ன. வைத்தால் அவள் இறங்குவாள், இறங்கினால் இவர் இறங்குவார், இந்த முறை எண்ணெயைப் பற்றிப் பேச மாட்டார், என்ன பேசுவார், அதுவும் தெரியாது, ஆனால் எண்ணெயைப் பற்றி இல்லை. பேசவே வேண்டாம், தெருவிளக்குக்குத் தெருவிளக்கு பார்த்துக்கொண்டு வந்தால் போதும். ஆனால் முட்டி. ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண்ணை, முட்டியில் வலி இருக்கிற பெண்ணை, குளிரில், இருட்டில், மேடு ஏற வைப்பது, தன் பக்கத்தில் நடக்க வைப்பதற்காக மேடு ஏற வைப்பது, இதற்குப் பெயர் என்ன? கம்பெனியில் பைப் போகிற வழியில் ஒரு வளைவு போட்டால் அழுத்தம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுவார்கள். ஒருவருடைய முட்டியில் எவ்வளவு அழுத்தம் போட்டால் இன்னொருவருடைய நெஞ்சில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போடுவது எந்த ஊர் நியாயம். எடுத்துவிடலாம். எடுத்தால் மறுபடி முதுகு. முதுகுக்கு என்ன குறை, நல்ல முதுகு. வைத்துவிடலாம். வைத்து, அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு இனிமேல் மிதிக்க முடியாது, அடுத்த வருடம் வர முடியாது என்று ஆகிவிட்டால்? அப்போது முதுகும் இல்லை. அல்லது அதைவிட மோசமாக, மேட்டில் நடக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டே இயல்பாக, நீங்க முன்னாடி போங்கண்ணா என்று சொல்லிவிட்டால். அண்ணா. கோயம்புத்தூரில் அண்ணா என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, பஸ் கண்டக்டர் அண்ணா, காய்கறிக்காரர் அண்ணா, பள்ளிக்கூடப் பையனைக்கூடச் சொல்லுங்கண்ணா என்பார்கள், பூங்கோதை கிருபாகரனையே கிருபாண்ணா என்றுதான் கூப்பிடுவாள், அவள் வயதில் பாதியைக் கொஞ்சம் தாண்டினவனை. ஊரில் ஆண் என்று பிறந்த எல்லாருக்கும் கிடைக்கிற அந்த அண்ணாவை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் சென்னியப்பனுக்குக் கொடுக்கவில்லை. ஏனுங்க என்றுதான் ஆரம்பிப்பாள். அது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், வாயில் அப்படி வருவதாக இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை வராமல் இருப்பதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஒரு மார்கழியிலிருந்து இன்னொரு மார்கழிக்கு அவர் நடந்து வந்திருக்கிறார், வராமல் இருக்கிற ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால் பதில் இல்லை. பென்சிலை எடுத்தார். மேட்டை வரைந்தார், இந்த முறை மெல்லிசாக.

செல்போன் அடித்தது. பூங்கோதை என்று எழுத்து வந்தது. அவள் கூப்பிட மாட்டாள், குழுவில் கும்பிடு படம் போடுவதோடு சரி. மேட்டை வரைந்த விநாடியே கூப்பிட்டது ஏதோ கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தார். "ஏனுங்க," என்றாள், "சாப்பிட்டு எந்திரிச்சுட்டீங்களா?" காற்று இல்லாமல், முழுசாக, காதுக்குள். ஆச்சுங்க என்றார், நீங்க என்றார், அவளும் ஆச்சுங்க என்றாள். அவள் வீட்டு ரேடியோ எங்கோ உள்ளறையில் பாடியது. "ஒண்ணு கேக்கலாமுங்களா. தப்பா எடுத்துக்கக் கூடாது." "கேளுங்க." "எனக்காகத்தான் கோவைப்புதூர் மேட்ட எடுத்தீங்கன்னு கிருபாண்ணா போன மாசம் சொன்னாரு. ஆமாங்களா?" கிருபாகரனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தார், எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று அடுத்த விநாடி தோன்றியது, முகம் சுட்டது. "முட்டி வலின்னு..." என்றார். "ஐயோ, அன்னிக்கு வலியே இல்லைங்க. சிரிப்பு வந்துச்சு, வயித்தப் புடிச்சா நல்லாருக்காதேன்னு முட்டியப் புடிச்சேன்." "எதுக்குச் சிரிப்பு?" "நீங்க சொன்ன எண்ணெய்க் கதைக்கு. மேடு முழுக்க எண்ணெய் சொன்னீங்களே." அவளே தொடர்ந்தாள். "அத விடுங்க. நான் சொல்ல வந்தது என்னன்னா, புரட்டாசியில இருந்து சாயங்காலமா நான் தனியாப் போயி அந்த மேட்ட ஏறிப் பழகிட்டு இருக்கறனுங்க. மொத மாசம் தள்ளினேன். இப்ப எறங்கறதே இல்ல. அந்த மேட்ட வைங்க இந்த வருசம்." "வெச்சிருக்கேன்," என்றார், அது உண்மை, ஐந்து நிமிட வயதான உண்மை. "வெச்சிட்டீங்களா? அப்ப இன்னொண்ணும் கேட்டுர்றேன். இந்த வருசம் என்னைத் தலையாப் போடுவீங்களா?"

தலையாகவா என்றார். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. "ஆறு வருசமா எல்லார் முதுகையும் பாத்துட்டே போறனுங்க. மூர்த்தியண்ணன் சட்டையில எங்க தையல் விட்டிருக்குன்னு எனக்குத் தெரியும், வடவள்ளி எப்பிடி இருக்கும்னு தெரியாது. ஒரே ஒருக்கா முன்னாடி ஒண்ணுமில்லாம ரோடு மட்டும் பாத்துட்டுப் போகணும். பைத்தியம்னு நெனைக்காதீங்க." நினைக்கவில்லை என்றார். "எனக்குப் பயமாவும் இருக்குதுங்க. தலைன்னா எல்லாரும் நம்மள நம்பி வருவாங்க. ஆனா கடைசியில நீங்க வர்றீங்கங்கறதால கேக்கறேன். பின்னாடி நீங்கதானுங்களே?" "நான்தான்," என்றார். "அப்பச் சரிங்க," என்றாள், ரேடியோவில் பாட்டு முடிந்து ஏதோ விளம்பரம் வந்தது, வைக்கட்டுங்களா என்றாள், வைங்க என்றார், இரண்டு பேரும் வைக்கவில்லை, பிறகு அவள்தான் வைத்தாள்.

பின்னாடி நீங்கதானுங்களே. சென்னியப்பன் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்பட வேண்டிய வாக்கியம், ஒரு பக்கம் சந்தோஷப்பட்டுக்கொண்டும் இருந்தார், இன்னொரு பக்கம் வரைபடத்தில் கோடு ஓடிக்கொண்டிருந்தது, கோட்டின் ஒரு நுனியில் அவள், மறு நுனியில் இவர், நடுவில் இருபத்தெட்டுப் பேர். தலை திரும்பிப் பார்க்கக் கூடாது, திரும்பினால் ஹேண்டில் திரும்பும், பின்னால் வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், இதுவும் அவர் எழுதிய விதிதான். வால் முந்தக் கூடாது. இரண்டு விதியையும் சேர்த்துப் படித்தால் தலையும் வாலும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஊரைச் சுற்றி வர வேண்டும் என்று அர்த்தம்; எழுதும்போது தனித்தனியாகத்தான் எழுதினார், சட்டம் எழுதுகிறவர்களுக்கு எப்போதும் நடப்பதுதான். இனி அவருக்கு முன்னால் மூர்த்தி வருவார், இன்சூரன்ஸ் மூர்த்தி, உடம்பு குறைக்க வருகிறவர், குறையாதவர், கேரியரில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு பக்திப் பாட்டு போட்டுக்கொண்டு வருபவர். துடியலூரிலிருந்து சரவணம்பட்டி வரை கிழக்குக் காற்று மூர்த்தியின் ஸ்பீக்கரை அப்படியே அள்ளி இவர் காதில் போடும். அவள் அங்கே முன்னால் யாரிடமும் பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவாள், அல்லது பேசுவாள், தனக்குத்தானே, அது அத்தனை பேரைத் தாண்டி வருவதற்குள் தேய்ந்து போகும். வலி இல்லையாம். சிரிப்பாம். ஐந்து வருடம் மேடு இல்லாமல் செய்தது ஒரு சிரிப்பைத் தப்பாகப் படித்ததால். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், இந்த வருடம் வேறு ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று. ஒரு மெசேஜ் அனுப்பினால் முடிந்தது. புரட்டாசியிலிருந்து தனியாகப் போய் மேட்டைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறாள், அந்தச் சாயங்காலங்களில் இவர் இங்கே மாடியில் அவளுடைய பாதி வாக்கியங்களை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். வாக்கியங்களுக்குச் சொந்தக்காரி மேடேறிக்கொண்டிருந்தாள். தோள் தாழ்ந்து, எழுந்து, தாழ்ந்து. அந்த முகம் எப்படி இருக்கும். பேக்கரி வாசலில் டீ டம்ளரோடு பார்த்த முகம் தெரியும், அது நிற்கிற முகம், எல்லாரிடமும் வாங்க போங்க சொல்கிற முகம். காற்றுக்கு எதிரே மிதிக்கும்போது ஒருவருக்கு வேறு முகம் வரும், உதடு கொஞ்சம் திறந்து, கண் சுருங்கி, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாத முகம். ஆறு வருடமாக அந்த முகத்தின் பின்பக்கத்திலேயே வந்திருக்கிறார். முன்னால் ஒண்ணுமில்லாத ரோட்டில் அது என்னவாகும் என்று பார்க்க முடிகிற ஒரே ஆள் எதிரே வருகிற லாரிக்காரன்.

பாதையை முடிக்க வேண்டும். மேட்டிலிருந்து பென்சிலை இறக்கிக் கொண்டுவந்தார். கோவைப்புதூரின் உச்சியில் எல்லாரும் சேரும்வரை நிற்க வேண்டும், அது வழக்கம், அப்புறம் இறக்கம், இறங்கினால் இடது பக்கம் தென்னந்தோப்பு, அதை ஒட்டி நாவல்குட்டை, தாண்டினால் பேரூர் ரோடு. பென்சில் நாவல்குட்டையில் நின்றது. குளம் என்று சொல்ல முடியாத அளவு, குட்டை என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுகிற அளவு. சுற்றிலும் கரை, கரையின்மேல் நடக்கிறவர்களுக்காகப் போட்ட பாதை, ஒரு பக்கம் ஏறி முழுக்கச் சுற்றி அதே இடத்தில் இறங்கலாம். முழுக்கச் சுற்றி. அவர் பென்சிலை விட்டுவிட்டு விரலால் அந்த நீலப் புள்ளியைச் சுற்றினார். நேர்கோட்டில் போகிற வரிசையில் வாலுக்குத் தலை தெரியாது. வட்டத்தில் போகிற வரிசையில்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரயில் விளையாடும்போது இன்ஜின் கடைசிப் பெட்டியைத் துரத்துமே, அப்படி. தலை கரையேறிப் பாதிக் குட்டையைத் தாண்டி எதிர்க்கரையில் இந்தப் பக்கமாகத் திரும்பி வரும் நேரத்தில் வால் அப்போதுதான் கரையேறியிருந்தால், தலையின் முகம் வாலைப் பார்த்து இருக்கும். நடுவில் தண்ணீர், அவ்வளவுதான். திரும்ப வேண்டியதில்லை, முந்த வேண்டியதில்லை, இரண்டு விதியும் பத்திரம். வரிசை குட்டையின் பாதிச் சுற்று நீளமாவது இருக்க வேண்டும். நூல் எடுத்து வளைத்துப் பார்த்தார், ஒட்டி ஒட்டி வந்தால் நீளம் போதாது, ஆகவே ஒரு புது விதி, கரைமேல் மண் வழுக்கும், வண்டிக்கு வண்டி இரண்டு வண்டி இடைவெளி விடவும். யாரும் மறுக்க முடியாத விதி. எதற்காகக் குட்டையைச் சுற்ற வேண்டும் என்று கேட்பார்கள். மார்கழியில் வெளிநாட்டுப் பறவை வரும் என்று சொல்லலாம். வருகிறதா? ஒன்றிரண்டு வராமலா இருக்கும்.

அவள் பார்ப்பாளா என்பது வேறு விஷயம். ரோடு மட்டும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், ரோட்டைத்தான் பார்ப்பாள், பார்க்கட்டும், முன்னால் ஒன்றுமில்லாத கரையில் அந்த மெரூன் ஸ்வெட்டர் முதல் முறையாக முன்பக்கமாக வரும், குல்லாவுக்குக் கீழே அந்த முகம், அதை அவர் இந்த முறை பூசணிப் பூவைப் பார்க்காமல் பார்ப்பார். கை தூக்கலாமா? ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுப்பது வாலுக்கு அழகில்லை. தூக்கலாம். தூக்கி, அவள் எதிர்க்கரையிலிருந்து, என்னங்கண்ணா என்று சத்தம் போட்டுக் கேட்டுவிட்டால், முப்பது பேர் நடுவில். கேட்கட்டும், அப்போதாவது தெரிந்துவிடும். இல்லை, தெரிய வேண்டாம். கை தூக்குவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்துக்கு அங்கே எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், நினைத்ததும் எல்லாம் அணைந்தது. மார்கழி, விடியாத நேரம், தண்ணீர்மேல் பனிமூட்டம், நாவல்குட்டையில் எதிர்க்கரை என்ன, தன் முன்சக்கரமே தெரியாது. வழக்கம்போல் ஐந்தரைக்குப் பேக்கரியில் கிளம்பினால் இருட்டிலேயே கரையேறி இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள், தலையும் வாலும் ஆளுக்கொரு பக்கம் வெள்ளைக்குள். சென்னியப்பன் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: பாதை, மேடு, நாவல்குட்டை முழுச் சுற்று, இடைவெளி விடவும். தலை: திருமதி பூங்கோதை. வால்: வழக்கம்போல். கிளம்பும் நேரம் என்ற இடத்தில் ஐந்தரை என்று அடித்து, அழித்து, ஏழு மணி என்று அடித்து அனுப்பினார்.

பூங்கோதை ஒரு கும்பிடு படம் போட்டாள். மூர்த்தி, குட்டையைச் சுற்றும்போது பாட்டு வைக்கலாமா என்று கேட்டார். அதற்குக் கீழேயே கிருபாகரன் எழுதினான்: "அண்ணா, ஏழு மணிக்கா? அதுக்குள்ள வெயில் வந்துருமுங்ணா."

"வரட்டும்," என்று சென்னியப்பன் பதில் போட்டார்.